ரோதைமுனிக்கு நெத்திலி

வடதுருவத்தை ஒட்டிய பனிநாட்டில் இனுவிட் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். எஸ்கிமோ என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அவர்கள்தான். கடல்நாய் வேட்டை கிடைக்காமல் போனால் அவர்களுடைய சாமியாடி கொட்டு முழக்கத்தோடு ஆடி, ஆவியாகக் கடலுக்கு அடியில் இறங்குவாராம். கடல் பிராணிகளுக்கெல்லாம் தாயான அம்மாள் ஒருத்தி அங்கே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். மேலே இருக்கிற மனிதர்கள் விலக்குகளை மீறிய குற்றமெல்லாம் அழுக்கும் சிக்குமாக அவள் கூந்தலில் சேர்ந்துவிடுமாம். அவளுக்கு விரல்கள் கிடையாது. தானே சீவிக்கொள்ள முடியாது. சாமியாடி பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கெடுத்து, சமாதானம் சொல்லிவிட்டு மேலே வருவாராம். கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் செய்த தப்பை ஒத்துக்கொண்டதும் கடல்நாய்கள் தலைகாட்டுமாம்.

இதையெல்லாம் எழுதிவைத்த அறிஞர்கள் நாய்வண்டியில் மாதக்கணக்காகப் பனியில் அலைந்திருக்கிறார்கள். பாவம். நுவரெலியாவில் இறங்கி உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறியிருந்தால் தொப்பித் தோட்டத்தில் ஆண்டியப்பனைப் பார்த்திருக்கலாம். குளிரும் ஏறக்குறைய அதே குளிர்தான்.

தொப்பித் தோட்டம் என்பது சனங்கள் வைத்த பெயர். ஆதியில் காடு வெட்டவந்த துரையின் தொப்பி காற்றில் பறந்து ஆற்றோடு போனதாகவும், அதைத் தேடியதில் ஒரு நாள் வேலை நின்றதாகவும், அந்த இனிய நினைவே பெயராக நிலைத்ததாகவும் சொல்வார்கள். ஸ்டோர் முகப்பில் பெரிய எழுத்தில் ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று இருந்தது. அதைக் கடிதம் எழுதுகிறவர்கள் மட்டும் பயன்படுத்தினார்கள்.

ஸ்டோர் என்றால் கடையல்ல. கொழுந்தை வாட்டி, அரைத்து, தூளாக்கும் ஆலை. அங்கே உள்ள மெஷின்களையெல்லாம் ஒரு பெரிய சக்கரம் ஓட்டியது. சக்கரத்துக்குத் தோட்டத்தில் ரோதை என்று பெயர். ரோதைக்குள் குடியிருப்பவர் ரோதைமுனி. மாரியம்மனும் முருகனும் சனங்களோடு கப்பலேறி வந்தவர்கள். ரோதைமுனியோ மெஷின் வந்தபிறகு இங்கேயே பிறந்தவர். சாமிகளில் வயது குறைந்தவர் என்பதால் கோபம் கொஞ்சம் அதிகம். கவனமில்லாதவர்களிடம் விரலைக் காவு கேட்பார். இந்த நாட்டிலேயே பிறந்திருந்தும் அதை நிரூபிக்க அவரிடம் பத்திரம் ஒன்றும் கிடையாது. அந்த வகையில் சனங்களுக்கும் அவருக்கும் நெருக்கம் இன்னும் கூடுதல்.

ஆண்டியப்பன் அந்த ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். கணக்கப்பிள்ளையின் நாய் எதிரே வந்தாலும் பாதையை விட்டு இறங்கி நிற்கிற சுபாவம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கே கொஞ்சம் யோசிப்பார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே நாற்பத்தெட்டாம் வருடம் இப்பேர்ப்பட்டவருக்குச் சாமி வந்தது. இரண்டில் எது தோட்டத்துக்குப் பயன்பட்டது என்ற கேள்விக்குத் தொப்பித் தோட்டத்தில் இன்றுவரை ஒரே கருத்துத்தான்.

சாமி வந்த விதமும் விசித்திரம். பழைய சாமியாடி காலமாகிவிட்டார். அடுத்து யார் மேல் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடப் பூசையில் உடுக்கை அடிக்கிற சோலைமலை கச்சையெல்லாம் கட்டி, உடம்பைத் தளர்த்தி, தயாராக நின்றார். சாமி சோலைமலையைத் தாண்டிக் குதித்து, பின்னால் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்டியப்பன் மேல் இறங்கியது. சேவல் தப்பித்தது. ஆண்டியப்பன், தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி மாயாண்டியைப் பார்த்து, "டேய் மாயாண்டி, இங்க வாடா!" என்றார்.

தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட இலைகள்கூட ஆடாமல் நின்றன என்பார்கள். மாயாண்டி வந்தார். விபூதி வாங்கிக்கொண்டார். பிறகு ஆண்டியப்பன் வந்து அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டபோது, "நீயா திட்டுன? சாமிதானப்பா திட்டுச்சு. நல்லாத்தான் திட்டுச்சு" என்றார். வீட்டில் அவரைத் திட்ட ஆளில்லாத குறை அன்றோடு தீர்ந்ததாகத் தெரிகிறது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் குறி கேட்கச் சனங்கள் வந்தார்கள். காணாமல் போன ஆடு, பாலைக் குடிக்காத பிள்ளை, மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே எது குறுக்கே நிற்கிறது என்கிற நித்தியப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் ரோதைமுனி வழி சொன்னார். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதுவதா வேண்டாமா என்றுகூடக் கேட்டார்கள். "எழுதிப் போடுடா. கெடைக்காது. ஆனா எழுதிப் போடு" என்றார் முனி. அவர் சொன்ன குறிகளில் பிசகாமல் பலித்தது அதுதான்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. சாமியாடியின் சொந்த வீட்டு விஷயத்துக்குச் சாமி குறி சொல்லாது. இது பழைய வழக்கம். டாக்டர் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளாத மாதிரி என்று சோலைமலை விளக்குவார். ஆண்டியப்பனின் மனைவி ராக்காயிக்கு இந்த விளக்கம் போதவில்லை.

ராக்காயி கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரி. "ஊரு ஆட்டுக்கெல்லாம் வழி சொல்ற சாமிக்கு நம்ம வீட்டுக் கதவு மட்டும் தெரியாதா?" என்று கேட்பாள்.

"அது வழக்கம் புள்ள."

"வழக்கத்த நீங்க கேட்டீங்களா, சாமிய கேட்டீங்களா?"

"சாமிகிட்ட நான் எப்படிக் கேப்பேன்? அது வர்றப்ப நான் இருக்க மாட்டேனே."

தர்க்கத்தில் பிழை இல்லாததால் ராக்காயி அத்தோடு நிறுத்திக்கொள்வாள். அவள் கேட்க நினைத்தது என்னவென்று அவருக்கும் தெரியும். இரண்டு முறை அவளுக்குத் தரித்து, இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் முறை விதி என்று அழுதார்கள். இரண்டாவது முறை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மாவிடம் ரகசியமாகச் சொன்ன செய்தி மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் மலை முழுக்கப் போய்விட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்; எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். சில நாளில் அதுவும் போயிற்று. ஊர்க் கண்தான் என்று ஆண்டியப்பன் முடிவு செய்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேறு காரணம் சொன்னார்கள். அது இங்கிலீஷில் இருந்ததால் மனதுக்கு ஒட்டவில்லை.

ஐம்பத்தேழில் ராக்காயி மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். இந்த முறை யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள். வயிறு தானாகச் சொல்லும் வரைக்கும் வாய் சொல்லக் கூடாது. ராக்காயி தன் வாயைக் கட்டிவைத்தது தோட்ட வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து ரோதைமுனி பூசை வந்தது.

கொழுந்து குவியத் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூசை. ரோதையை நிறுத்தி, மெஷின்களைக் கழுவி, முனிக்குச் சேவலும் சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். சாமி ஆண்டியப்பன் மேல் வந்து, ரோதையின் பெரிய பெல்ட்டில் விபூதி பூசி, "ஓட்டுங்கடா!" என்று உத்தரவு கொடுக்கும். அந்த உத்தரவு இல்லாமல் ஸ்டோர் ஆட்கள் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். துரைக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆட்களுடைய நம்பிக்கையின் மேல் நம்பிக்கை உண்டு. "முனி எத்தனை மணிக்கு வருவார்?" என்று வருடாவருடம் கணக்கப்பிள்ளை லியனார்டிடம் கேட்டு வைத்துக்கொள்வார்.

பூசைக்கு முந்தின வாரமே காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டினால் லயத்தில் மீன், இறைச்சி, கருவாடு எதுவும் ஆகாது. சாமி தின்பதற்கு முன்னால் மனுஷன் தின்னக் கூடாது என்பது தத்துவம். கருவாட்டுச் சட்டிகளை வாய் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடுவார்கள். எங்கே வைத்தோம் என்பதை மறந்துவிட வேண்டும் என்பதும் விரதத்தில் சேர்த்தி.

வியாழக்கிழமை மழை. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய ராக்காயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து நாளாகக் கஞ்சிகூட அவள் வயிற்றில் நிற்கவில்லை.

"ஏங்க."

"என்ன புள்ள?"

"சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"நான் எப்ப திட்டியிருக்கேன்?"

"சாமி வந்தப்ப திட்டியிருக்கீங்க."

"அது சாமி. நீ சொல்லு."

"நெத்திலிக் கருவாடு. நாலே நாலு. மொறுமொறுன்னு."

ஆண்டியப்பன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"காப்புக் கட்டியிருக்கு ராக்காயி."

"எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள இருக்கிறதுக்குத் தெரியலையே."

அவர் பரணைப் பார்த்தார். தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லாததால் சட்டியை இறக்கினார்.

ஆண்டியப்பன் முட்டாளல்ல. மழை பெய்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, வாசம் வெளியே போகாது என்று கணக்குப் போட்டார். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் எப்படி இந்தக் கணக்கைப் போட்டார் என்பதுதான் ஆராய்ச்சிக்குரியது. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே தகரத்துக்கு அடியில் லயம் முழுவதும் ஒரே வீடு. ஒரு மூலையில் தும்மினால் மறுமூலையில் நூறு வயது என்று வாழ்த்துவார்கள். கதவைச் சாத்தியதால் ஒரு பயன் உண்டானது: தெருவுக்குப் போயிருக்க வேண்டிய வாசமும் சேர்ந்து மேலே ஏறியது.

நெத்திலி பொரிந்தது. உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆண்டியப்பன் ஒன்றை வாயில் போட்டார். கருவாட்டுக்கு உப்புப் பார்க்க வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ராக்காயி சோற்றோடு தின்றாள். வயிற்றில் நின்றது. சுவரோரமாகச் சுருண்டு, நிம்மதியாகத் தூங்கினாள். ஆண்டியப்பன் அவளுக்குப் போர்த்திவிட்டு, செய்த பாவத்துக்காக வருத்தப்பட முயன்றார். சந்தோஷம் இடம் விடவில்லை.

தகரத்துக்கு அடியில் வாசம் பக்கத்துக் காம்பராவுக்குப் போனது. வீரம்மா அடுப்படியில் ரசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள். கை பரணை நோக்கிப் போயிற்று. அவள் வீட்டு வாசம் அழகன் வீட்டுக்குப் போனது. அழகன் வீட்டுச் சுறா அடுத்த வீட்டைத் தட்டியது. இருட்டுவதற்குள் லயம் முழுவதும் பொரிந்தது. ஒருவர்கூட மற்றவரை "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்கவில்லை. அவ்வளவு அமைதியான சாயங்காலத்தைத் தொப்பித் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோர் வாசலில் கூட்டம். மாமரத்தடியில் முனியின் கல், சூலம், படையல். பனிமூட்டம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை லியனார்ட் குடையோடு ஒதுங்கி நின்றார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; ஞாயிறு காலைப் பூசைக்குத் தங்கள் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானப் பூசைக்கு உத்தியோக முறையில் வந்திருந்தார்.

ஆண்டியப்பன் காலில் சலங்கை கட்டி, கையில் அரிவாளோடு நின்றார். சோலைமலை உடுக்கையை அடித்து வர்ணிப்புப் பாடினார். வழக்கமாக முதல் வர்ணிப்பு முடிவதற்குள் ஆண்டியப்பனின் தோள் துடிக்கும். இன்று துடிக்கவில்லை. சோலைமலை மறுபடி பாடினார். முனியின் வீரத்தைப் பாடினார், கோபத்தைப் பாடினார், மீசையின் நீளத்தைப் பாடினார். ஆண்டியப்பன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

மாயாண்டி கையை உயர்த்தினார். "நிறுத்துப்பா. காப்புல யாரோ சுத்தம் தப்பியிருக்காங்க. அதான் சாமி வரல. யாருன்னு தானா வந்து ஒத்துக்கிட்டா ஒரு கொடம் தண்ணியோட போச்சு. இல்லாட்டி ரோதை ஓடாது."

இதுவும் வழக்கம். குற்றத்தைச் சொல்லிவிட்டு, மலை ஊற்றிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர் ஒரு குடம் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஊர்ப் பீலித் தண்ணீர் பாவத்தை மட்டுமல்ல, பாவம் செய்யும் ஆசையையே கொஞ்ச நாளைக்குக் கழுவிவிடும்.

எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பிறகு வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"நான்தாங்க. வியாழக்கெழம. வாசம் வந்துச்சுங்க. எங்கருந்துன்னு தெரியல. சாமி சத்தியமா கை தானா போய்ச் சட்டிய எடுத்துருச்சு."

"ஏண்டி!" என்றான் அவள் புருஷன். "எனக்கு ரசத்த ஊத்திட்டு நீ கருவாடு தின்னியா?"

"நீங்க வர்றதுக்குள்ள தீந்துருச்சுங்க."

குடம் கவிழ்ந்தது. வீரம்மா பற்கள் கிடுகிடுக்க ஒதுங்கினாள்.

அழகன் வந்தான். "சுறாங்க. எங்களுக்கு வாசம் வீரம்மாக்கா வீட்லருந்துதான் வந்துச்சு. கேஸு அவங்க மேலதான்."

"அப்ப எனக்கு யாரு வீட்லருந்துடா வந்துச்சு?" என்றாள் நனைந்த வீரம்மா.

 ஆண்டியப்பன் சூலத்தின் முனையை உன்னிப்பாகப் பார்த்தார்.

அதன்பிறகு வரிசையே உண்டாகிவிட்டது. சீலா, கட்டா, வாளை என்று கடலில் உள்ளதெல்லாம் ஸ்டோர் வாசலுக்கு வந்தது. அந்த மலைக்கும் கடலுக்கும் இவ்வளவு போக்குவரத்து இருந்தது யாருக்கும் அதுவரை தெரியாது. ராசம்மா கிழவி, தான் தின்னவில்லை, வாசத்தை மட்டும் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி அரைக் குடம் கேட்டாள். நியாயம் என்று கொடுத்தார்கள்.

லயத்து ஆட்கள் முடிந்ததும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கணக்கப்பிள்ளை லியனார்ட் குடையை மடக்கினார்.

"எனக்கு இது பொருந்தாது. நான் வேதக்காரன்," என்றார். "ஆனா எல்லாரும் உண்மைய சொல்றப்ப நான் மட்டும் குடைக்குள்ள நிக்கிறது சரியில்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் கருவாட்டுக் கொழம்பு சாப்பிட்டேன். எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அதனால நல்ல மனசோடதான் சாப்பிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. பெரிய கங்காணி வீட்டம்மாதான் குடுத்தனுப்பினாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பெரிய கங்காணி மாயாண்டி கோட்டைக் கழற்றி, மடித்து, பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். குடத்தை நோக்கி நடந்தார். தொப்பித் தோட்டத்தில் முப்பது வருடமாக யாரும் பார்த்திராத அவருடைய வழுக்கை அன்று பகிரங்கமானது.

எல்லாக் குற்றமும் ஒப்புக்கொள்ளப்பட்டாயிற்று. மறுபடி உடுக்கை அதிர்ந்தது. சாமி வரவில்லை.

இப்போது சோலைமலையின் தோள் துடித்தது. சோலைமலை நல்ல மனுஷன். அந்தக் கூட்டத்தில் காப்பைத் தப்பாமல் காத்தவர் உண்மையில் அவர் ஒருவர்தான். அதுவும் இந்த ஒரு வருடம் மட்டுமல்ல, சாமி தன்னைத் தாண்டிக் குதித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும். அப்படிப்பட்டவருக்குச் சாமி வராமல் போனால் மனசு கொஞ்சம் உதவி செய்வது இயற்கை. "ஏய்ய்!" என்று உடுக்கையைத் தூக்கிக் குதித்தார். "நான்தான்டா முனி! எனக்கு ஆண்டியப்பன் கட்ட வேணாம்டா, இந்தக் கட்ட போதும்டா!"

மாயாண்டி ஈரத் தலையோடு சூடத்தைப் பற்றவைத்து நீட்டினார். வந்தது சாமிதானா என்று அறிய எரியும் சூடத்தை உள்ளங்கையில் வாங்க வேண்டும். சோலைமலை வாங்கினார். "ஆ!" என்று உதறினார். சூடம் ஈர மண்ணில் விழுந்து அணைந்தது.

"முனிக்குச் சுடுது போல," என்றான் அழகன்.

சோலைமலைக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்த அவமானத்தில்தான் ஆண்டியப்பனைப் பார்த்துக் கேட்டார்: "சரி, எனக்கு வரல. ஆனா நான் சுத்தம், மத்தவங்க எல்லாரும் நனைஞ்சாச்சு. ஒன் தல மட்டும் காஞ்சிருக்கு. முனி முன்னால சொல்லு ஆண்டியப்பண்ணே. நீ சுத்தமா?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். சுத்தம் என்றால் முனியின் முகத்துக்கு முன்னால் பொய். தப்பினேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். விரதத்தில் ஒரு பருக்கை பிசகாத ஆண்டியப்பன் காப்பு வாரத்தில் ஏன் கருவாடு பொரித்தார் என்று வீரம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவள் கண் நேரே ராக்காயியின் வயிற்றுக்குப் போகும். மொத்தத் தோட்டத்தின் கண்ணும் பின்னாலேயே போகும். கூட்டத்தின் ஓரத்தில் ராக்காயி இரண்டு கையாலும் முந்தானையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். குடத்தை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்தார்.

"என்ன தப்பு செஞ்ச, அண்ணே?" என்றார் சோலைமலை.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி சாமி வராதே?"

"வராட்டி போகட்டும்."

குனிந்து சலங்கையை அவிழ்த்தார். விரல் விறைத்திருந்ததால் முடிச்சு எளிதில் அவிழவில்லை. ஒவ்வொரு காலாக அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, கல்லின் முன்னால் வைத்தார். அரிவாளையும் வைத்தார். கணக்கப்பிள்ளையின் நாய்க்கு வழிவிடுகிற ஆண்டியப்பனை, பெரிய கங்காணியை டேய் என்று கூப்பிடுகிற ஆண்டியப்பனாக ஆக்கியது அந்தச் சலங்கைதான். அது இல்லாமல் நாளைக்கு ஸ்டோருக்கு எப்படி நடந்துபோவது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். இருந்தாலும் வைத்துவிட்டு, ஈரம் சொட்டக் கூட்டத்தை விட்டு நடந்தார்.

"எவன்டா என் சலங்கைய கீழ வச்சது!"

குரல் பெண் குரல்தான். ஆனால் மலைக்கு மலை கேட்டது. ராக்காயியின் கொண்டை அவிழ்ந்து கூந்தல் சுழன்றது. கூட்டம் பிளந்து வழிவிட்டது. அவள் கல்லுக்கு முன்னால் வந்து சலங்கையை மிதித்து நின்றாள்.

மாயாண்டி நடுங்கினார். குளிரா, பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. "சாமி... பொம்பள மேல முனி எறங்குற வழக்கம் இல்லையே..."

"மெஷினுக்குள்ள முனி இருக்கிற வழக்கம் மட்டும் ஒங்க அப்பன் ஊருல இருந்துச்சாடா?"

மாயாண்டி சூடத்தைப் பற்றவைத்து நீட்டினார். அவள் உள்ளங்கையில் வாங்கினாள். எரிந்தது. எரிந்து தீரும் வரைக்கும் கை அசையவில்லை.

"நெத்திலி கேட்டது நான்தான்டா. என் வாயாலயா கேட்டேன்? அவ வாயால கேட்டேன். பொரிச்சுக் குடுத்தான் பாரு, அவன் மனுஷன். ரெண்டு தடவ வந்து திரும்பிப் போன புள்ள, மூணாந்தடவ வாசத்த புடிச்சுக்கிட்டு வந்துருக்கு. அதுக்குப் பசிச்சா எனக்குப் பசிச்ச மாதிரி. புள்ளத்தாச்சிக்கு ஏதுடா காப்பு?"

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். செய்தி இவ்வளவு நாளாகத் தனக்குத் தெரியாமல் இருந்தது அவளை உலுக்கிவிட்டது.

"கண்ணு வைக்கிறவன் எவனாவது இருந்தா இப்ப வையிடா. நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

ஸ்டோர் வாசலில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை லியனார்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார். அன்று அந்த மண்ணில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் யாராவது ஒருவர் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு கண்கூட ராக்காயியின் வயிற்றுக்கு ஏறவில்லை.

அவள் உள்ளே போய்ப் பெல்ட்டில் விபூதி பூசினாள். "ஓட்டுங்கடா!" ரோதை முனகி, அசைந்து, சுற்றத் தொடங்கியது. ராக்காயி சரிந்தாள். விழுவதற்கு முன்னால் ஆண்டியப்பன் பிடித்துக்கொண்டார், ஓடி வந்திருந்தார்.

கணக்கப்பிள்ளை பங்களாவுக்குப் போய், முனி வந்துவிட்டார், கொஞ்சம் தாமதம் என்று அறிவித்தார். துரை கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த வருடம் இன்னும் சீக்கிரம் வரச்சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

கண் தெளிந்ததும் ராக்காயி கேட்ட முதல் கேள்வி, "நான் என்னங்க பேசினேன்?"

"ஒண்ணும் பெருசா இல்ல புள்ள," என்றார் ஆண்டியப்பன்.

வந்தது சாமியா, ராக்காயியா என்று கேட்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவள் வாய்த் துடுக்கு ஊரறிந்தது என்பார்கள். புருஷன் சலங்கையை வைத்த கணத்தில் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்றும் கேட்பார்கள். இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி தோட்டத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. சோலைமலை தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பொய்யா ஆடுறது எப்படின்னு எனக்குத் தெரியும். அது பொய்யில்ல."

பிள்ளை தங்கியது. ஐப்பசி மழையில், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவசரப்பட்டுப் பிறந்தது. பெண். மீனம்மா என்று பெயர் வைத்தார்கள். மதுரை மீனாட்சியை நினைத்து வைத்த பெயர் என்று ராக்காயி சொன்னாள். லயத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சாமி பிறகு ஆண்டியப்பனிடம் திரும்பவில்லை. வருடாவருடம் ராக்காயி மேலேயே வந்தது. படையலில் சேவலுக்கும் சுருட்டுக்கும் பக்கத்தில் பொரித்த நெத்திலி ஒரு தட்டு சேர்ந்துகொண்டது. அதைப் பொரிக்கிற உரிமை ஆண்டியப்பனுடையது. உப்பு அவரே பார்ப்பார். கணக்கப்பிள்ளையின் நாய்க்கு முன்போலவே வழிவிட்டார். சலங்கை போனால் என்ன ஆவோமோ என்று பயந்தவருக்கு, ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாட்டு அரசும் தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்து, பாதிச் சனம் கடல் தாண்டி அக்கரைக்கு என்று பேச்சான அறுபத்தைந்தாம் வருடப் பூசையிலும் ராக்காயி ஆடினாள். போவதா இருப்பதா என்று கேட்டவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினாள். முனி போவாரா என்று மாயாண்டி கேட்டதற்கு, "ரோதைய தூக்கிக்கிட்டா போக முடியும்? கிறுக்குப் பயலே!" என்று பதில் வந்தது. மாயாண்டிக்குப் பரம திருப்தி.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். பனி இறங்கிவிட்டது. ராக்காயி காம்பரா வாசலில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். சூடம் ஏந்திய கை இந்த முறையும் கொப்பளித்திருந்ததால் விரலை மடக்க முடியவில்லை. கூந்தல் முழுக்க விபூதியும் வேப்பிலையும் சிக்கும்.

ஆண்டியப்பன் தேங்காய் எண்ணெயும் சீப்புமாக வந்து அவள் பின்னால் உட்கார்ந்தார். அடியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுக்க ஆரம்பித்தார்.

"இழுக்காதீங்க, வலிக்குது."

"தலைய ஆட்டாத. ஊரு பாவமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு போல."

"இன்னிக்கு என்ன பேசினேன்?"

"ஒண்ணும் பெருசா இல்ல புள்ள," என்றார் அவர். "நெத்திலிக்கு உப்பு கொறச்சல்னு சொன்ன."